மெத்தை வாங்கும் முன்: படுக்கும் வாகும் படுக்கையின் வடிவும்

முதுகு வலி, கழுத்துப் பிடிப்பு என்று மெத்தைக் கடைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது பட்ஜெட். அடுத்தது கட்டிலின் அளவு. நீங்கள் மல்லாந்து படுப்பவரா, ஒருக்களித்துப் படுப்பவரா, குப்புறப் படுப்பவரா என்று கேட்கும் கடைகள் குறைவு. ஆனால் மெத்தை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், தலையணை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அந்த ஒரு பதில்தான் தீர்மானிக்கிறது. அண்ணனுக்கு அருமையாக அமைந்த மெத்தையில் தம்பிக்குத் தோள் வலிக்கிறது என்றால் மெத்தை மட்டம் என்று அர்த்தமில்லை. இருவரும் படுக்கும் வாகு வேறாக இருக்கலாம்.

ஆகவே முதலில் உடம்பு, பிறகு தலையணை, அதன் பிறகு கட்டில், கடைசியாக மெத்தை என்ற வரிசையில் பார்ப்போம். செலவும் இந்த வரிசையில்தான் ஏறும். பலருக்கு இரண்டாவது படியிலேயே தொந்தரவு தீர்ந்துவிடும்.

படுக்கை செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, கீழ்முதுகில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பின்னாலிருந்து பார்த்தால் இந்த அடுக்கு நேர்க்கோடு. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து உள்வாங்கி, மேல்முதுகு வெளியே வளைந்து, இடுப்புக்கு மேலே மறுபடியும் உள்வாங்கியிருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது இருக்கும் இந்த வளைவுகள் படுத்த பிறகும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. படுக்கையின் முதல் வேலை இந்தத் தாங்கல்.

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் பகலெல்லாம் உடல் எடையைச் சுமந்து நீரை இழந்து அமுங்குகின்றன. இரவில் பளு இறங்கியதும் நீரை உறிஞ்சி மறுபடி உப்புகின்றன. காலையில் எழுந்தவுடன் உயரத்தை அளந்தால், இரவில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு செ.மீ. கூடுதலாக இருப்பது இதனால்தான். இந்த மீட்சி நடக்கும் நேரத்தில் இடுப்பு ஒரு குழிக்குள் இறங்கிக் கிடந்தால் வட்டின் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கத் தசைநார் இழுபட்டே இருக்கும். தூங்கியும் இடுப்பு ஓயவில்லை என்பதன் பொருள் இதுதான்.

இரண்டாவது வேலை இடம் கொடுத்தல். தோள், இடுப்பின் பக்க எலும்பு, முழங்காலின் பக்கங்கள், குதிகால், பின்மண்டை ஆகிய துருத்திய இடங்களில் எடை குவிகிறது. அங்கே தோலுக்கு அடியிலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் அழுந்தும்போது உடம்பு தானாகவே புரண்டு படுக்கும். தூக்கத்தில் புரள்வது நோயல்ல, அவசியமான காரியம். ஆனால் படுக்கை துளியும் விட்டுக்கொடுக்காவிட்டால் புரளல் அதிகமாகி, ஒவ்வொரு புரளலிலும் தூக்கம் கொஞ்சம் மேலோட்டமாகும். மாறாக, மெத்தை அளவுக்கு மீறி உள்வாங்கினால் புரள்வதே பெரும் உழைப்பாகிவிடும்.

தாங்கவும் வேண்டும், இடம் கொடுக்கவும் வேண்டும். எது எவ்வளவு என்பது வாகைப் பொறுத்தது.

ஒருக்களித்துப் படுப்பவர்கள்

பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இரவில் அதிக நேரம் ஒருக்களித்தே படுக்கிறார்கள். அதனால் இதை விரிவாகப் பார்ப்பது நல்லது. தவறுகளும் இந்த வாகில்தான் அதிகம் நடக்கின்றன.

ஒருக்களிக்கும்போது உடம்பின் அகலமான இரண்டு இடங்கள், அதாவது தோளும் இடுப்பும், மெத்தைக்குள் இறங்க வேண்டும். நடுவிலுள்ள இடை இறங்காமல் தாங்கப்பட வேண்டும். அப்போதுதான் பின்னாலிருந்து பார்க்கையில் முதுகுத்தண்டு தரைக்கு இணையான கோடாக இருக்கும். வெறும் தரையிலோ பலகை போன்ற மெத்தையிலோ தோள் இறங்க வழியில்லை. முழு எடையும் கீழ்த்தோளின் மேல் ஏறும். காலையில் கை மரத்துப்போவது, கையைத் தூக்கினால் தோள் பிடிப்பது ஆகியவை இதன் விளைவு.

அடுத்தது தலையணை. ஒருக்களிப்பவருக்குத் தலையணை என்பது தலைக்கும் மெத்தைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பும் பொருள். அந்த வெற்றிடத்தை வீட்டிலேயே அளக்கலாம். சுவருக்குப் பக்கவாட்டில், ஒரு தோள் சுவரில் லேசாகப் படும்படி நிமிர்ந்து நில்லுங்கள். பார்வை நேராக இருக்கட்டும். காதுக்குக் கீழே கழுத்திலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தை இன்னொருவர் ஸ்கேலால் அளக்கட்டும். 15 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து உங்கள் மெத்தையில் தோள் இறங்கும் ஆழத்தைக் கழிக்க வேண்டும். கடினமான தென்னைநார் மெத்தையில் 1 முதல் 2 செ.மீ., மென்மையான ஃபோமில் 4 முதல் 5 செ.மீ. கழிக்கலாம். மிச்சம் வருவதுதான் தலையணையின் உயரம். கடையில் உப்பி நிற்கும் உயரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தலை வைத்து அமுங்கிய பிறகு நிற்கும் உயரமே கணக்கு. பெரும்பாலோருக்கு இது 10 முதல் 14 செ.மீ.க்குள் அமையும். தோள் அகலமானவர்களுக்கு இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மெத்தையை மாற்றினால் தலையணையின் உயரமும் மாறியாக வேண்டும். பழைய கடின மெத்தையில் சரியாக இருந்த தலையணை, புதிய மென்மையான மெத்தையில் தலையை மேலே தூக்கிவிடும். புது மெத்தை வாங்கிய வாரமே கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று மெத்தையைக் குறை சொல்பவர்கள் பலருக்குப் பழைய தலையணைதான் காரணம்.

தலையணை வைக்கும் முறையும் முக்கியம். தலையணையின் ஓரம் தோளுக்கும் கழுத்துக்கும் இடையிலான வளைவில் வந்து உட்கார வேண்டும். தோள் தலையணைமேல் ஏறக்கூடாது. ஏறினால் கழுத்துக்கு அடியில் இடைவெளி விழும். நீங்கள் அளந்த அளவு முழுவதும் வீண். மூக்கு, தாடை, நெஞ்செலும்பின் நடுக்கோடு மூன்றும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்த்தால் சரிபார்ப்பு முடிந்தது.

கால்களுக்கு வருவோம். மேல்கால் மடங்கி முன்னால் மெத்தையில் விழுந்தால் அதோடு இடுப்பும் முன்பக்கம் திரும்பிவிடும். தோள் ஒரு திசையிலும் இடுப்பு ஒரு திசையிலுமாகக் கீழ்முதுகு இரவு முழுக்க முறுக்கிக் கிடக்கும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்தால் இந்த முறுக்கு நின்றுவிடும். முழங்காலில் மட்டும் வைத்தால் போதாது, கணுக்கால் வரை தாங்கும் நீளத்தில் இருக்க வேண்டும். தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. போர்வையை இறுக்கமாகச் சுருட்டித் தலையணை உறைக்குள் நுழைத்தால் போதும்.

ஒரு தோளில் ஏற்கெனவே வலி இருந்தால் மறுபக்கம் படுத்து, நெஞ்சுக்கு முன்னால் இன்னொரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வலிக்கும் கை முன்னால் சரிந்து தோளை இழுத்துக்கொண்டே இருக்கும். கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவதும், மணிக்கட்டை மடித்து முகவாய்க்குக் கீழே வைத்துத் தூங்குவதும் விரல்கள் மரத்துப்போவதற்கு வழக்கமான காரணங்கள்.

மல்லாந்து படுப்பவர்கள்

எடை மிகப் பரவலாகப் பகிரப்படும் வாகு இது. அதனால் ஒருக்களிப்பவரைவிட இவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கமான படுக்கை ஒத்துவரும். சோதனை எளிது. படுத்து ஐந்து நிமிடம் கழித்து, கீழ்முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு அதிக இறுக்கம். நுழையவே இல்லை என்றால் இடுப்பு அமிழ்ந்துவிட்டது. லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

கால்களை முழுக்க நீட்டிப் படுக்கும்போது, இடுப்பு முள்ளெலும்பிலிருந்து தொடைக்கு வரும் தசை கீழ்முதுகை முன்னால் இழுக்கிறது. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தால் அந்த இழுப்பு தளரும். காலை நீட்டினால் இடுப்பு வலிக்கிறது, மடக்கினால் சுகமாக இருக்கிறது என்பவர்களுக்கு இது அன்றிரவே பலன் தரும்.

தலைக்கு, அமுங்கிய நிலையில் 7 முதல் 10 செ.மீ. உயரம் போதும். இரண்டு தலையணைகளை அடுக்கிப் படுப்பவர்களுக்குத் தாடை நெஞ்சை நோக்கி மடங்கும். கழுத்தின் பின்தசை இழுபடுவது மட்டுமல்லாமல், மூச்சுப் பாதையும் குறுகிக் குறட்டை கூடும். கழுத்தின் உள்வளைவை நிரப்ப ஒரு கைத்துண்டைச் சுருட்டி உறைக்குள் கீழ் ஓரமாக வைக்கலாம். சுருளின் தடிமன் 4 முதல் 5 செ.மீ. இருந்தால் போதும்.

குப்புறப் படுப்பவர்கள்

மூச்சு விட வேண்டுமே என்று தலையை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியாக வேண்டும். கழுத்து அந்தக் கோணத்திலேயே மணிக்கணக்கில் நிற்கும். வயிறு அமிழ, கீழ்முதுகு பின்னால் வளையும். மென்மையான மெத்தையில் இது இன்னும் மோசம். பழக்கத்தை விடுவதே நல்லது. உடனே முடியாதவர்கள் தலைக்குத் தலையணை இல்லாமலோ 2, 3 செ.மீ. தடிமனுள்ள தட்டையான ஒன்றை மட்டும் வைத்தோ படுக்கலாம். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மெல்லிய தலையணை வைத்தால் முதுகின் வளைவு குறையும். பிறகு நீளமான திண்டு ஒன்றை அணைத்தபடி பாதி குப்புற, பாதி ஒருக்களித்து என்று மெல்ல மெல்ல மாறலாம். வயிற்றில் எதையோ அழுத்தியபடி தூங்கினால்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு அந்தத் திண்டு துணைசெய்யும்.

குழி விழுந்த படுக்கை

படுக்கையின் வடிவம் என்றால் சதுரமா வட்டமா என்பதல்ல விஷயம். ஆள் ஏறிப் படுத்த பிறகு அதன் மேற்பரப்பு எந்த வடிவத்துக்கு வருகிறது என்பதே விஷயம். காலியாக இருக்கும்போது எல்லாப் படுக்கையும் தட்டைதான்.

கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் கனம் அதிகமுள்ள பகுதி இடுப்பு. கயிறு தளர்ந்ததும் இடுப்பு இருக்கும் இடம் மிக ஆழமாகி, தலையும் காலும் மேலே நிற்கும். மல்லாந்து படுத்தால் உடம்பு வில்லாக மடியும். ஒருக்களித்தால் முதுகுத்தண்டு பக்கவாட்டில் தொய்யும். இதனால்தான் கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் தனியாக இறுக்குக் கயிறு வைத்துப் பின்னுகிறார்கள். கயிற்றை அவ்வப்போது இழுத்துக் கட்டினால் நல்ல காற்றோட்டமுள்ள, உடம்புக்கு இதமான படுக்கை அது. இறுக்காமல் விட்டால் முதுகுக்கு எதிரி. நாடாக் கட்டிலில் நாடா தானாகத் திரும்ப இறுகாது. ஒவ்வொரு நாடாவையும் சட்டத்திலிருந்து பிரித்து இழுத்துக் கட்ட வேண்டும், நைந்ததை மாற்ற வேண்டும். இறுக்கும் வரை ஒரு தற்காலிக வழி: கட்டிலின் நீளவாக்கில் படுக்காமல் கொஞ்சம் மூலைவாட்டாகப் படுத்தால் வளைவு சற்றுக் குறையும்.

மூலைவாட்டில் படுக்கும் இந்த உத்தியின் முழுப் பயனையும் காண வேண்டுமானால் மெக்சிகோவின் யுகடான் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே பல வீடுகளில் அன்றாடப் படுக்கையே வலை ஊஞ்சல்தான். இரண்டு முனைகளையும் இணைக்கும் கோட்டில் நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் போல வளையும். அகலமாக நெய்த வலையில் குறுக்குச் சாய்வாகப் படுக்கும்போது துணி இரண்டு பக்கமும் விரிந்து, முதுகு ஏறக்குறைய மட்டமாகிவிடும். கட்டும் கயிறு தரைக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்கும்படி தளர்வாகக் கட்டினால்தான் அப்படிப் படுக்க இடம் கிடைக்கும். விறைப்பாகக் கட்டினால் ஓரங்கள் இறுகி ஆளை நடுவில் அமுக்கும். மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ ஊஞ்சல் வலை கட்டி, முதுகு வலிக்கிறது என்று கழற்றி வைத்தவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

மெத்தைக்கும் இதே விதிதான். குழியை இப்படிக் கண்டுபிடிக்கலாம். மெத்தையின் மேலுள்ள விரிப்பை எல்லாம் எடுத்துவிட்டு, குறுக்கே ஒரு நூலை இரண்டு ஓரங்களிலும் பிடித்து இழுங்கள். இடுப்பு படும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஆள் படுக்காதபோதே ஒன்றரை அங்குலம் குழி இருந்தால், படுத்த பிறகு அது இன்னும் ஆழமாகும். அந்த மெத்தை தன் வேலையை நிறுத்திவிட்டது.

ஆனால் அவசரப்பட்டுப் புதிது வாங்கிவிடாதீர்கள். மெத்தையை இறக்கிக் கட்டில் பலகையின் மேல் அதே நூலைப் பிடியுங்கள். நடுவில் தாங்கல் இல்லாத மெல்லிய பிளைவுட் சில வருடங்களில் கீழ்நோக்கி வளையும். குறுக்குச் சட்டங்கள் உள்ள கட்டிலில் சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் மெத்தை அந்த இடைவெளிகளில் பிதுங்கும். எது குற்றவாளி என்று உறுதி செய்ய, மெத்தையைத் தரையில் போட்டு ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் மெத்தை நல்லது, கட்டில்தான் கெட்டது. தச்சரை அழைத்து நடுவில் ஒரு தாங்கு சட்டமும் தரையைத் தொடும் காலும் வைக்கச் சொன்னால் வேலை முடிந்தது. புது மெத்தையின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

தரையும் பாயும்

தரையில் பாய் விரித்துப் படுத்தால் முதுகுக்கு நல்லது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. தரையில் குழி விழாது. மல்லாந்து படுக்கும், ஒல்லியான, மூட்டுத் தொந்தரவு இல்லாத ஒருவருக்குக் கோரைப் பாயின் மேல் ஒரு ஜமுக்காளம் தாராளமாகப் போதும். வெயில் காலத்தில் அதற்கு ஈடான குளிர்ச்சியும் வேறு படுக்கையில் கிடைக்காது. ஒருக்களிப்பவருக்கு மட்டும் தோளுக்கும் இடுப்புக்கும் இடம் இல்லாமல் போகிறது. அவர்கள் இரண்டு மூன்று அங்குல மெத்தை ஒன்றைப் பாயின் மேல் போட வேண்டும்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தரைப் படுக்கை வேண்டாம். இரவில் கழிப்பறைக்கு எழும்போது தரையிலிருந்து ஏறுவதே விழுவதற்கு வழி. மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குல உயரமுள்ள கட்டிலில், ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படியும். குள்ளமானவர்களுக்கு இன்னும் ஓரிரு அங்குலம் குறைக்கலாம். கால் தொங்கும் அளவுக்கு உயர்ந்த கட்டில் பார்வைக்கு அழகாக இருக்கலாம், முதியவருக்கு அது ஆபத்து.

கடினமாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கையை 2003-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு சோதித்தது. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேருக்குப் பாதிக்குப் பாதி கடின மெத்தையும் நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் வலியும், எழும்போது வலியும், அன்றாட வேலைகளில் தடங்கலும் அதிகம் குறைந்திருந்தன. “ஆர்த்தோ” என்று பெயர் போட்டுப் பலகை போன்ற மெத்தையை விற்பவர்களிடம் இதை நினைவில் வைத்துப் பேசுங்கள். அந்தப் பெயர் மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

மெத்தைக்குள் என்ன இருக்கிறது

இலவம்பஞ்சு மெத்தை புதிதாக இருக்கும்போது நன்றாகவே தாங்கும். படுக்கப் படுக்க, இடுப்பு படும் இடத்தில் பஞ்சு ஒதுங்கிக் கட்டி கட்டியாகும். வெயிலில் காயப்போட்டுத் தட்டினால் ஓரளவு உப்பும். சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடித்து மறுபடி நிரப்பித் தைத்தால்தான் பழைய வடிவம் வரும். அதைச் செய்யாமல் குழியிலேயே படுத்துக்கொண்டு இலவம்பஞ்சு நல்லது என்று சொல்லிக்கொள்வதில் பலன் இல்லை. ஃபோமையும் லேடெக்ஸையும் (ரப்பர் பாலில் செய்த ஃபோம்) இப்படிக் கடும் வெயிலில் போடக்கூடாது. வெயில் பட்டால் அவை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். நிழலில் காற்றாட நிறுத்தி வைத்தால் போதும்.

ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை இறுக்கமானது, காற்றோட்டமும் உண்டு. மல்லாந்து படுப்பவருக்கு ஏற்றது. ஒருக்களிப்பவர் அதன்மேல் ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம் மென்மையான ஃபோம் அடுக்கு உள்ளதாகப் பார்க்க வேண்டும். நார் உடைந்து தூளாகும்போது நடுவில் குழி விழும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

ஃபோம் மெத்தையில் எல்லோரும் குழம்பும் இடம் டென்சிட்டி. 32, 40 என்று கடையில் சொல்லும் எண், ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதைக் குறிக்கிறது. அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கான அடையாளமே தவிர, எவ்வளவு இறுக்கம் என்பதற்கானது அல்ல. 40 டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் உண்டு, 28-இல் விறைப்பான ஃபோமும் உண்டு. இரண்டாவது வகை கடையில் திடமாகத் தெரியும், வீட்டுக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே குழி விழும். நாள்தோறும் பெரியவர் ஒருவர் படுக்கும் மெத்தையின் அடிப்பகுதி ஃபோம் 32-க்குக் குறையாமல் இருக்கட்டும். 80 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 40 நல்லது, மொத்தத் தடிமனும் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நான்கு அங்குல மெத்தையில் கனமானவர் ஒருக்களித்தால் இடுப்பு தரை தட்டும்.

மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அழுத்தம் குறையும், உண்மை. ஆனால் சூட்டையும் பிடித்து வைக்கும். குளிரூட்டி இல்லாத அறையில், மே மாதத்தில், அதில் படுப்பது கஷ்டம். மேலடுக்கில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஸ்பிரிங் மெத்தையில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருக்கும் வகை, தோளுக்கும் இடுப்புக்கும் தனித்தனியாக இறங்கும். பக்கத்தில் படுத்தவர் புரண்டாலும் இந்தப் பக்கம் ஆடாது. எல்லாச் சுருளும் கம்பியால் பிணைக்கப்பட்ட மலிவு வகையில் அந்த வசதி கிடையாது.

எந்த மெத்தையானாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். மேல் கீழாகப் புரட்டுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த மெத்தைக்கு மட்டுமே.

நீளமும் அகலமும்

உயரத்தைவிட ஆறு அங்குலமாவது கூடுதல் நீளம் வேண்டும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 72 அங்குல மெத்தை ஐந்தரை அடி உயரம் வரை சரி. அதற்கு மேல் 75 அல்லது 78 வாங்குங்கள். நீளம் போதாத படுக்கையில் ஆள் எப்போதும் கால்களைச் சுருட்டிக்கொண்டு, ஒரே வாகில் மாட்டிக்கொள்வார். 48 அங்குல அகலத்தில் இருவர் படுத்தால் ஆளுக்கு இரண்டு அடி. புரள இடமில்லாதபோது புரள வேண்டிய உடம்பு விழித்துக்கொள்ளும். இருவருக்கு 60 குறைந்தபட்சம். கணவன் மனைவி எடையில் அதிக வித்தியாசம் இருந்தால், லேசானவர் கனமானவர் பக்கம் சரிந்துகொண்டே இருப்பார். ஆறடி அகலக் கட்டிலில் 36 அங்குல மெத்தைகள் இரண்டை, அவரவர் வாகுக்கு ஏற்ற இறுக்கத்தில் தனித்தனியாகப் போடுவது இதற்கு நல்ல தீர்வு.

சிலருக்குத் தனிக் கணக்கு

நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உள்ளவர்கள் இடது பக்கம் ஒருக்களிப்பது நல்லது. அந்த நிலையில் இரைப்பை, உணவுக்குழாய் வந்து சேரும் வாயைவிடத் தாழ்ந்து இருப்பதால் அமிலம் மேலேறுவது குறையும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 முதல் 8 அங்குல மரக்கட்டை வைத்து முழுக் கட்டிலையும் சாய்க்கலாம். கட்டையில் கால் வழுக்காமல் இருக்கக் குழி வெட்டிக்கொள்ளுங்கள். தலையணைகளை அடுக்கினால் இந்தப் பலன் கிடைக்காது. உடம்பு வயிற்றில் மடிந்து, இரைப்பை அழுந்தி, எரிச்சல் கூடத்தான் செய்யும்.

மல்லாந்து படுத்தால் நாக்கும் தொண்டைத் தசையும் பின்னால் சரிந்து குறட்டை கூடும். ஒருக்களித்தால் பலருக்குக் குறையும். மூச்சு நின்று நின்று வருவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னாலோ, பகலில் தூக்கம் தாங்க முடியாமல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதை மெத்தையால் தீர்க்க முடியாது.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்தே தூங்கத் தொடங்க வேண்டும். மல்லாந்தால் கருப்பையின் எடை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையை அழுத்தும். தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதறத் தேவையில்லை. விழித்ததும் திரும்பிப் படுத்தால் சரி. வயிற்றுக்கு அடியில் ஒரு சிறு தலையணையும் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டும் வைத்தால் அந்த வாகில் நிற்பது எளிது.

கைக்குழந்தைக்கு விதி நேர்மாறு: மல்லாந்துதான் தூங்க வைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992-இல் குப்புறப் போடாதீர்கள் என்று அறிவித்த பிறகு, அங்கே தொட்டிலில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. தட்டையான, உறுதியான பரப்பு போதும். தலையணை, மெத்து மெத்தென்ற போர்வை எதுவும் கூடாது. நம் வீட்டுத் தூளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேலைத் தூளியின் வளைவில் குழந்தையின் தாடை நெஞ்சில் மடியும். பச்சிளம் குழந்தையால் தலையைத் தூக்கி அந்த மடிப்பிலிருந்து விடுபட முடியாது, மூச்சுப்பாதை குறுகும். ஆட்டித் தூங்க வைக்க வேண்டுமானால் பெரியவர் ஒருவர் கண்ணெதிரில் இருக்கட்டும். தூங்கியதும் எடுத்து தட்டையான படுக்கையில் மல்லாந்து போட்டுவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர் தானாகப் புரள முடியாது என்பதால், அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம் புரட்டிப் போட வேண்டும். குதிகாலுக்குக் கீழே இல்லாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் காற்றில் நிற்கும், புண் வராது.

கடையிலும், முதல் சில வாரங்களிலும்

மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் வழக்கமான வாகில் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். தலையணையின் உயரம் தெரிந்திருந்தால் வீட்டுத் தலையணையையே கொண்டு போங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது கூட வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தின் அடியிலிருந்து இடுப்பு வரை கோடு தொய்கிறதா, மேடாகிறதா என்பது படத்தில் தெளிவாகத் தெரியும். புது மெத்தை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் அதைவிட நீளமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

காலையில் எழும்போது நேராக எழுந்து உட்காராமல், ஒரு பக்கம் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். வட்டுகள் இரவில் நீர் ஏறி உப்பியிருப்பதால் முதல் அரைமணி நேரம் குனிந்து குடம் தூக்குவது, வாளியோடு வளைவது வேண்டாம்.

எழுந்து நடமாடியதும் சில நிமிடங்களில் விலகும் வலிக்கு மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து பார்க்கலாம். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்குத் தினமும் காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் வலியால் விழிப்பு என்று மாதக்கணக்கில் நீடித்தால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கக்கூடும். மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, காலில் பலம் குறைதல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும், இரு தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.